புல்வெளி, காய்கறிப் பாத்தி, புதர்ச்செடிகள்: சனி ஞாயிறுக்கு எது ஒத்துவரும்?

வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் இருப்பவர்கள், அதை என்ன செய்வது என்று யோசிக்கும்போது பார்வைக்கு எப்படி இருக்கும் என்பதைத்தான் முதலில் கணக்கில் எடுக்கிறார்கள். பச்சைப் பசேலென்று புல்வெளி வேண்டும், இல்லையென்றால் கொத்துக்கொத்தாகத் தக்காளி தொங்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் வேலியோரம் பூத்துக் குலுங்க வேண்டும். மூன்றும் அழகுதான். ஆனால் அந்த மண்ணோடு காலம் தள்ளப்போவது, வாரம் முழுக்க வேலைக்கும் பள்ளிக்கும் ஓடிவிட்டு இரண்டே நாள் ஒன்றாக வீட்டில் இருக்கும் ஒரு குடும்பம். அந்த இரண்டு நாளில் இந்த மண் எவ்வளவைக் கேட்கும், யாரிடம் கேட்கும், எந்த நேரத்தில் கேட்கும்? இதைப் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மொத்த மணிநேரத்தைக் கூட்டிப் பார்த்தால் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு தெரியாமல்கூடப் போகலாம். வேலை வரும் விதத்தில்தான் வேறுபாடு இருக்கிறது. புல்வெளி வாரத்துக்கு ஒரு முறை, ஒரே ஆளிடம், ஒரே மூச்சில் கேட்கும். காய்கறிப் பாத்தி தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் கேட்கும், சனிக்கிழமை வரை காத்திருக்காது. புதர்ச்செடிகள் வருடத்தில் சில நாட்கள் நன்றாக வேலை வாங்கிவிட்டு, மீதி நாட்களில் நம்மை விட்டுவிடும். உங்கள் வீட்டு நேரம் இந்த மூன்றில் எந்த அமைப்போடு பொருந்துகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு ஆகிவிட்டது.

புல்வெளி: ஒரு கிலோமீட்டர் நடை

20 மீட்டருக்கு 20 மீட்டர், அதாவது 400 சதுர மீட்டர் புல்வெளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். புல்வெட்டும் இயந்திரம் ஒரு தடவை போனால் 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டுகிறது என்றால், முழுவதையும் வெட்டி முடிக்க 1 கிலோமீட்டர் தூரம் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு வரிசை மேல் இன்னொரு வரிசை கொஞ்சம் ஏறி வர வேண்டும் என்பதால் உண்மையில் அதற்கும் மேல். அப்புறம் ஓரங்களைச் சரிசெய்வது, மரத்தைச் சுற்றி வெட்டுவது, இயந்திரத்தைத் துடைத்து வைப்பது எல்லாம் இருக்கிறது. புல் வேகமாக வளரும் பருவத்தில் வாரம் ஒரு மணி நேரமாவது இதற்குப் போகும்.

தள்ளிப்போடவும் முடியாது. ஒரு முறை வெட்டும்போது இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது புல்வெளி பராமரிப்பின் அடிப்படை விதி. 6 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்திருக்க நினைத்தால் 9 சென்டிமீட்டரைத் தொடும்போது வெட்டியாக வேண்டும். 15 சென்டிமீட்டர் வரை விட்டுவிட்டு ஒரே வெட்டில் 6க்கு இறக்கினால் புல் உணவு தயாரிக்கும் இலையில் பெரும்பகுதி போய்விடும், வேர் வளர்ச்சி தடைபடும், வெளுத்த தண்டுகள் தெரியும், அந்த இடைவெளியில் களை நுழையும். அதனால் எந்த நாள் வெட்டுவது என்பதைப் புல்தான் முடிவு செய்கிறது. மகளின் விளையாட்டுப் போட்டி இருக்கும் சனிக்கிழமையும் அது வளரத்தான் செய்யும்.

இந்த வேலையில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. இது சேர்ந்து செய்ய முடியாத வேலை. சுழலும் தகடு கல்லையும் குச்சியையும் வேகமாகத் தூக்கி எறியும். சக்கரத்தோடு தள்ளிக்கொண்டு போகும் இயந்திரத்தை 12 வயதுக்குக் குறைந்தவர்களும், உட்கார்ந்து ஓட்டுவதை 16 வயதுக்குக் குறைந்தவர்களும் இயக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் கழகம் சொல்கிறது. சின்னப் பிள்ளைகள் அந்த நேரத்தில் வெளியிலேயே இருக்கக் கூடாது. பெட்ரோல் இயந்திரம் ஓட்டுபவரின் காதருகே சத்தம் 90 டெசிபலை ஒட்டி இருக்கும். 85க்கு மேல் நீண்ட நேரம் கேட்டாலே செவிக்குக் கேடு என்பதால் காதுக்கு மூடி போட வேண்டும். ஆக, அப்பாவோ அம்மாவோ காதை மூடிக்கொண்டு தனியாக நடக்க, மற்றவர்கள் வீட்டுக்குள் காத்திருக்கிறார்கள். இப்படித்தான் பல வீடுகளில் சனிக்கிழமைக் காலை கழிகிறது.

சிறிய புல்வெளியாக இருந்தால் இதற்கு நல்ல மாற்று இருக்கிறது. 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர் முதல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராக வெட்டும் உருளைக் கத்தியைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அதுவரை புல்லை அரிவாளாலும் ஆடுகளாலும்தான் குறைத்தார்கள். அந்த உருளைக் கத்தி இயந்திரம் இன்றைக்கும் கிடைக்கிறது. மோட்டார் இல்லை, எண்ணெய் இல்லை, பக்கத்தில் பேசுபவர் குரல் கேட்கும் அளவுக்குத்தான் சத்தம். கத்தரிக்கோல் போல வெட்டுவதால் புல் நுனி கிழியாது. ஆனால் புல் உயரமாகிவிட்டால் மடித்துத் தள்ளிவிடுமே தவிர வெட்டாது. குச்சி மாட்டினால் நின்றுவிடும். சுமார் 150 சதுர மீட்டர் வரை இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். அதற்கு மேல் பேட்டரியில் ஓடுவது போதும். பெட்ரோல் இயந்திரம் தேவைப்படும் அளவுக்குப் புல்வெளி இருந்தால், இயந்திரத்தை மாற்றுவதற்கு முன் புல்வெளியின் அளவைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பது நல்லது.

தண்ணீர்க் கணக்கையும் பார்த்துவிடுவோம். வளரும் பருவத்தில் மழையும் பாய்ச்சலும் சேர்த்து வாரம் 25 மில்லிமீட்டர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் என்றால் 1 லிட்டர். மழை இல்லாத வாரத்தில் நம் 400 சதுர மீட்டருக்கு 10,000 லிட்டர் ஆகிறது. இதே கணக்கில் 4 சதுர மீட்டர் காய்கறிப் பாத்திக்கு 100 லிட்டர். தண்ணீர் தட்டுப்பாடு உள்ள இடத்தில் இருப்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பார்த்த பிறகு மேலே படிக்கத் தேவையே இல்லை. வறட்சியில் புல் பழுப்பாகித் தற்காலிகமாக வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும், மழை வந்தால் பெரும்பாலும் தளிர்க்கும். அந்த நிறத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் தண்ணீர் விடாமலே ஒட்டலாம்.

இவ்வளவு குறை சொன்னாலும் புல்வெளியை முழுவதும் எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். ஓடவும் விழவும் உருளவும் பந்து விளையாடவும் அதற்கு நிகரான தரை கிடையாது. மிதித்தாலும் மறுபடி எழுந்து வளரும், ஏனென்றால் புல்லின் வளரும் பகுதி இலை நுனியில் இல்லாமல் அடியில், மண்ணை ஒட்டி இருக்கிறது. வெட்டினாலும் மிதித்தாலும் அது தாங்குவதற்குக் காரணம் இதுதான். பிள்ளைகள் உண்மையிலேயே விளையாடும் இடம் எவ்வளவு என்று ஒரு மாதம் கவனியுங்கள். வீட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கும் ஒடுக்கமான கீற்று, வேலியோர மூலை, மரத்தடி நிழல் இங்கெல்லாம் யாரும் விளையாடுவதில்லை. ஆனால் வெட்டுவதற்கு அதிக நேரம் பிடிப்பவை இந்த இடங்கள்தான்.

வைத்திருக்கும் புல்வெளியில் வேலையைக் குறைக்க இரண்டு வழிகள். வெட்டிய புல்லை வாரிக் குப்பையில் போடாமல் அங்கேயே விட்டுவிடுங்கள். பெரும்பகுதி தண்ணீர் என்பதால் சீக்கிரம் மட்கிவிடும். புல்வெளிக்கு ஒரு வருடத்தில் தேவைப்படும் தழைச்சத்தில் கால் பங்கு வரை இதிலேயே திரும்பக் கிடைக்கும். இன்னொன்று, வாரா வாரம் வெட்டித்தான் ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து வீட்டுத் தோட்டங்களில் 1, 2, 3 வார இடைவெளிகளில் புல் வெட்டிப் பார்த்து, 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. மூன்று வாரம் விட்டதில்தான் பூக்கள் அதிகம். ஆனால் தேனீக்கள் அதிகம் வந்தது இரண்டு வார இடைவெளியில் வெட்டிய புல்வெளிக்கு; புல் மிக உயர்ந்துவிட்டால் அதற்குள் இருக்கும் பூவை எட்டுவது தேனீக்குச் சிரமமாகிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம். மூன்றில் ஒரு பங்கு விதியோடு இது இடிக்காதா என்றால், வெட்டும் உயரத்தை ஏற்றி வைத்தால் இடிக்காது. 8 சென்டிமீட்டரில் வைத்தால் 12 வரை வளர விடலாம்.

காய்கறிப் பாத்தி: சனிக்கிழமைக்காகக் காத்திருக்காது

பிள்ளைகளோடு சேர்ந்து செய்யும் வேலை என்று பார்த்தால் இதற்குத்தான் முதலிடம், எனக்கு அதில் சந்தேகம் இல்லை. மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட இதில் உண்மையான வேலை இருக்கிறது. அவரை, பட்டாணி, பூசணி, சூரியகாந்தி விதைகளெல்லாம் சின்ன விரலுக்குப் பிடிபடும் அளவு பெரியவை. விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் ஊன்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் அந்தக் கணக்கை அவர்களே போட்டுக்கொள்வார்கள். முள்ளங்கி மூன்று முதல் ஐந்து நாளில் முளைத்துவிடும், 25 முதல் 30 நாளில் பிடுங்கிவிடலாம். பொறுமை குறைந்த வயதுக்கு அதைவிட நல்ல பயிர் இல்லை. கேரட்டைத் தனியாக விதைத்தால் முளைக்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகும், அதற்குள் பிள்ளைகள் அந்த இடத்தையே மறந்துவிடுவார்கள். முள்ளங்கி விதையோடு கலந்து தூவினால் வரிசை எங்கே இருக்கிறது என்று முள்ளங்கி காட்டிக்கொடுக்கும்.

ஆனால் வார இறுதியில் மட்டும் நேரம் உள்ள குடும்பம் தெரியாமல் சறுக்கும் இடமும் இதுதான். ஞாயிறு மாலை நன்றாக நனைத்துவிட்டு அடுத்த சனிக்கிழமை வரை விட்டால் தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகத் தொடங்கும். பூச்சியோ நோயோ என்று பலர் மருந்து தெளிப்பார்கள். உண்மையில் அது நோய்க் கிருமியால் வருவது இல்லை. மண் காய்ந்தும் நனைந்தும் மாறி மாறி இருந்தால், தண்ணீரோடு ஏறிப் போக வேண்டிய சுண்ணாம்புச் சத்து காயின் நுனிக்குப் போய்ச் சேர்வதில்லை. மண்ணில் அந்தச் சத்து தாராளமாக இருந்தாலும் இது நடக்கும். காய்ந்து கிடந்த செடிக்குத் திடீரென்று நிறையத் தண்ணீர் விட்டால் பழம் வெடிப்பதும் இதே கதைதான்.

பறிப்பதும் அப்படித்தான். பீன்ஸ், வெண்டை, வெள்ளரி மூன்றையும் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பறிக்க வேண்டும். ஒரு வாரம் விட்டால் காய் முற்றிவிடும், அதோடு விதை உருவாகிவிட்டது என்று செடி புதிதாகப் பூ விடுவதையும் குறைத்துக்கொள்ளும். ஆக, வாரம் ஒரு நாள் வேலை பார்ப்பவருக்குக் கிடைக்கும் விளைச்சல், அதே செடியைத் தினமும் எட்டிப் பார்ப்பவருக்குக் கிடைப்பதில் ஒரு பகுதிதான். களையும் காத்திருக்காது. முளைத்த ஒரு வாரத்துக்குள் களைக்கொத்தால் மேலாகச் சீவிவிட்டால் நிமிடங்களில் முடிந்துவிடும். விதை விடும் வரை விட்டால் அதே களை அடுத்த பல பருவங்களுக்கு வேலை வைத்துவிடும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. முதல் வழி, பாத்தியின் அளவு. ஆர்வத்தில் பலர் தோட்டத்தில் பாதியைக் கொத்திவிடுகிறார்கள். இரண்டாவது மாதம் களை மூடிவிடும், மூன்றாவது மாதம் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். முதல் வருடத்துக்கு 1.2 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளம் ஒரே ஒரு பாத்தி போதும். 1.2 மீட்டர் என்பதற்குக் காரணம், இரண்டு பக்கத்திலிருந்தும் கை நடுவரை எட்ட வேண்டும், மண்ணை மிதிக்கவே கூடாது. மிதித்தால் மண் இறுகும், வேருக்குக் காற்று போகாது. பிள்ளைகளும் வேலை செய்யப்போகிறார்கள் என்றால் அகலத்தை 90 சென்டிமீட்டராகக் குறையுங்கள். வெயில் 6 மணி நேரத்துக்குக் குறைந்தால் காய்ப்பவை வேண்டாம், கீரை வகைகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி, தண்ணீர். டைமர் வைத்த சொட்டுநீர்க் குழாயும் மண்ணின் மேல் 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பும் மூடாக்கும் போட்டுவிட்டால் தினசரி வேலையில் பெரும்பகுதி போய்விடும். காய்ந்த இலை, வைக்கோல், மருந்து அடிக்காத புல் எது வேண்டுமானாலும் மூடாக்காகப் போடலாம். புல்வெளியில் வெட்டியதை இங்கே போடுவதாக இருந்தால் மெல்லிய அடுக்காகக் காயவைத்துப் போட வேண்டும். ஈரமாகக் குவித்தால் சூடேறி நாறும்.

மூன்றாவதுதான் பலர் யோசிக்காதது: சனிக்கிழமை வரை பொறுத்திருக்கும் பயிர்களைத் தேர்வு செய்வது. உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, வெங்காயம், பூண்டு, பூசணி இவையெல்லாம் ஒரு வாரம் தாமதமாக எடுத்தாலும் கெட்டுப்போகாதவை. கிழங்கு தோண்டுகிற நாளில் வீட்டில் யாரும் செல்பேசியைத் தேட மாட்டார்கள், வளர்ந்த பிள்ளைகள்கூட. எனக்குக் குடும்பத் தோட்டத்தின் உச்சமே அந்த நாள்தான்.

பழைய வீடு என்றால் ஒரு எச்சரிக்கை. முந்தைய காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருந்தது. உதிர்ந்த பெயின்ட் சுவரையொட்டிய மண்ணில் சேர்ந்திருக்கும், ஈயம் மண்ணிலிருந்து தானாகப் போகாது. சுவரிலிருந்து தள்ளிப் பாத்தி போடுங்கள், மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், சந்தேகமாக இருந்தால் வெளி மண் நிரப்பிய உயர்த்திய பாத்தியாகப் போடுங்கள். மண்ணில் விளையாடிவிட்டு வாயில் கை வைக்கும் வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

புதர்ச்செடிகள்: முன்னால் உழைப்பு, பின்னால் ஓய்வு

மூன்றில் அதிகம் பேசப்படாதது இதுதான், நீண்டகாலத்தில் வார இறுதியை மிச்சப்படுத்துவதும் இதுதான். முதல் இரண்டு வருடம் மட்டும் கவனம் தேவை. குழி, வேர்க்கட்டியின் (வேரும் அதைப் பிடித்திருக்கும் மண்ணும் சேர்ந்த உருண்டை) அகலத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். ஆழம் மட்டும் வேர்க்கட்டியின் உயரத்தைத் தாண்டக் கூடாது. ஆழமாக நட்டுவிட்டால் தண்டு மண்ணுக்குள் போய் அழுகும். சுற்றிலும் 5 முதல் 8 சென்டிமீட்டர் மூடாக்கு, ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு கை அகலம் விட்டு. வாரம் ஒரு முறை ஆழமாகத் தண்ணீர், அது சனிக்கிழமை வேலையாகவே இருக்கலாம். வெயில் கடுமையான வாரத்தில் நடுவில் இன்னொரு தடவை. வேர் பிடித்த பிறகு, அந்த இடத்து மழைக்குப் பழகிய செடியாக இருந்தால் தண்ணீரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அப்புறம் மிஞ்சுவது கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. அதில் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். போன பருவத்துக் கிளையில் பூக்கும் வகைகளைப் பூத்து முடிந்த உடனே வெட்ட வேண்டும். தள்ளிப்போட்டால் அடுத்த பருவத்து மொட்டையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். புதுத் தளிரில் பூக்கும் வகைகளை, தளிர்விடும் பருவத்துக்குச் சற்று முன்னால் வெட்டலாம். ஒரு செடிக்கு வருடத்தில் ஒரு தடவை, அவ்வளவுதான்.

இதில் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நடும் நாளைத் தவிர வேலையாக அதிகம் இல்லை. ஆனால் வேலை இல்லாத இடத்தில் பார்வைக்கு நேரம் கிடைக்கிறது. தோட்டத்துக்குப் பறவை வர வேண்டுமென்றால் தீனித்தட்டு வைப்பதைவிடச் செடியைச் சரியாகத் தேர்வு செய்வதுதான் முக்கியம், ஏனென்றால் விதை தின்னும் பறவைகளில்கூடப் பல, குஞ்சுகளுக்குப் புழுவைத்தான் ஊட்டுகின்றன. அந்தப் புழுக்களில் பெரும்பாலானவை தாம் பழகிய குறிப்பிட்ட செடிகளைத்தான் தின்னும். மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு எருக்கு இனத்துச் செடிகளை விட்டால் வேறெதையும் தொடாது. வாஷிங்டன் நகரத்தைச் சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களில் கரோலினா சிக்கடீ என்ற சிறு பறவையைக் கவனித்து 2018இல் வெளியான ஆய்வு, தோட்டத்துச் செடிகளில் 30 சதவீதத்துக்கு மேல் வெளியூர் இனங்களாகிவிட்டால் அந்தப் பறவையால் தன் எண்ணிக்கையைத் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை என்று காட்டியது. எல்லாச் செடியும் மண்ணின் செடியாக இருக்க வேண்டியதில்லை, பெரும்பகுதி இருந்தால் போதும் என்பதையும் இதே ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இதோடு ஒரு வார இறுதிப் பழக்கத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் 1998இல் தொடங்கிய வீட்டுத் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு, 2013 முதல் உலகம் முழுவதும் பிப்ரவரியில் நான்கு நாட்கள் நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் இருந்து, பார்த்ததை எண்ணிப் பதிவு செய்தால் போதும். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்து எண்ணலாம், ஏழு வயதுப் பேத்தி எழுதலாம். இப்படி மூன்று தலைமுறையும் சமமாகப் பங்கெடுக்கும் தோட்டப் பொழுதுபோக்கு வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

குறையும் உண்டு. நட்டு முதல் வருடம் வெறும் மூடாக்குப் பரப்பில் குச்சி குச்சியாக நிற்கும், பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அந்த வெறுமையைப் பொறுக்காமல் நெருக்கி நட்டுவிடுகிறவர்கள்தான் ஐந்தாவது வருடம் பாதியைப் பிடுங்குகிறார்கள். செடி முழு வளர்ச்சியில் எவ்வளவு அகலம் வரும் என்று பார்த்து அந்த இடைவெளியை விடுங்கள்; நடுவில் ஒரு பருவப் பூச்செடிகளைத் தூவி நிரப்பிக்கொள்ளலாம். வாடகை வீட்டில் ஓரிரு வருடம்தான் இருக்கப்போகிறவர்களுக்கு இந்த வழி பொருந்தாது, அவர்களுக்குத் தொட்டியும் ஒரு சின்னப் பாத்தியும் போதும்.

யாருக்கு எது

பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால், விளையாடும் அளவுக்குப் புல்வெளி, ஒரே ஒரு காய்கறிப் பாத்தி, மற்ற இடமெல்லாம் புதர்ச்செடி. பதின்வயதினர் இருக்கும் வீட்டில் பாத்தியைப் பராமரிக்கச் சொல்வதைவிட அதற்கான மரச்சட்டத்தை அளந்து, அறுத்து, திருகு போட்டுச் செய்யும் வேலையைக் கொடுங்கள். செய்து முடித்தது கண்முன் நிற்கும் வேலையில்தான் அந்த வயதுக்கு ஈடுபாடு வருகிறது. புல்வெட்டும் பொறுப்பையும் 12 வயதுக்கு மேல் பழக்கிக் கொடுக்கலாம், கூடவே நின்று.

அடிக்கடி வெளியூர் போகும் குடும்பத்துக்குக் காய்கறி வேண்டாம் என்றே சொல்வேன். இரண்டு வாரம் இல்லாமல் போனால் புதர் அப்படியே இருக்கும், புல் உயர்ந்திருக்கும், பாத்தி போய்விட்டிருக்கும். முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் 60 முதல் 75 சென்டிமீட்டர் உயரப் பாத்தி ஒன்று இருந்தால் குனியாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேலை செய்யலாம். அங்கே தினமும் கொஞ்சம் வேலை இருப்பது சுமையாக இருக்காது, விருப்பமாகவே இருக்கும். உடற்பயிற்சிக்காக என்றால் புல்வெளிக்கு ஒரு புள்ளி கூடுதல்: இயந்திரத்தைத் தள்ளி நடப்பது வேகநடைக்கு இணையான அல்லது சற்றுக் கூடுதலான உழைப்பு, வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் தாராளமாகச் சேரும். மண்வெட்டி பிடித்துப் பாத்தி கொத்துவதும் அப்படித்தான்.

மாற்றுவது எப்படி

ஏற்கெனவே முழுப் புல்வெளியாக இருந்தால் ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் மாற்றப் பார்க்காதீர்கள். வெட்டுவதற்குச் சிரமமான இடத்திலிருந்து தொடங்குங்கள்: சரிவு, மூலை, மரத்தடி. புல்லைக் கொத்தி எடுக்க வேண்டாம். ஒட்டுநாடாவைப் பிரித்தெடுத்த சாதாரண அட்டைப்பெட்டிகளை விரித்து, ஒன்றன்மேல் ஒன்று 15 சென்டிமீட்டர் ஏறும்படி பரப்பி, நன்றாக நனைத்து, மேலே 10 சென்டிமீட்டர் மூடாக்கு கொட்டிவிட்டால் வெளிச்சம் கிடைக்காமல் அடியில் இருக்கும் புல் சில மாதங்களில் மடிந்து மட்கிவிடும். பெட்டியைத் தட்டி விரித்து அதன்மேல் குதித்து நனைப்பது பிள்ளைகள் விரும்பிச் செய்யும் வேலை. அருகம்புல் மட்டும் இதற்கு எளிதில் அடங்காது, மண்ணுக்கடியில் தண்டு ஓடி ஓரத்தில் எட்டிப் பார்க்கும். அதற்கு ஓரத்தில் ஒரு மண்வெட்டி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி வைத்து, தாண்டி வருவதை அவ்வப்போது நறுக்க வேண்டும். மரத்தடியில் செய்யும்போது மூடாக்கு அடிமரத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புல்வெளிக்கும் புதருக்கும் நடுவே எல்லைக் கோடு எங்கே வர வேண்டும் என்பதைக் காகிதத்தில் வரைவதைவிடத் தரையிலேயே பார்த்துவிடலாம். தண்ணீர்க் குழாயை வளைவாகத் தரையில் போட்டு, அதன் உள்பக்கமாக இயந்திரத்தை ஒரு சுற்றுத் தள்ளிப் பாருங்கள். எங்கேயாவது நிறுத்தி, பின்னுக்கு இழுத்துத் திருப்ப வேண்டியிருந்தால் அந்த வளைவு மிகக் கூர்மையாக இருக்கிறது. குழாயை நகர்த்திச் சரிசெய்யுங்கள். நிற்காமல் ஒரு சுற்று வர முடிந்த பிறகு கோட்டின்மேல் மாவு தூவி, அட்டைகளை விரிக்க ஆரம்பிக்கலாம்.